தலைகளை எண்ணினால் போதுமா?

போன மாதம் எங்கள் வகுப்பில் ஒரு பட்டிமன்றம் மாதிரி வைத்தார்கள். தலைப்பு: "சுற்றுச்சூழல் சீர்கேட்டுக்குக் காரணம் மக்கள்தொகைப் பெருக்கமே". நான் எதிர்த்துப் பேசும் அணியில் இருந்தேன். எதிரணியில் இருந்த நண்பன் எழுந்து மூன்றே வரி பேசினான். "செய்யாத்துல தண்ணி இல்ல, ஏன்னா ஜனம் அதிகம். பஸ்ல நிக்க இடம் இல்ல, ஏன்னா ஜனம் அதிகம். வேலை இல்ல, ஏன்னா ஜனம் அதிகம்." வகுப்பே கை தட்டியது. சாரும் சிரித்துவிட்டார். நான் ஏதோ மால்தஸ், பசுமைப் புரட்சி என்று உளறிவிட்டு உட்கார்ந்தேன். தோற்றுவிட்டோம்.

வீட்டுக்கு வந்தும் மனசு கேட்கவில்லை. பி.காம். படிக்கிறவன் கணக்கு போட்டாவது பார்க்க வேண்டாமா? போட்டுப் பார்த்தேன். அன்றைக்குச் சொல்ல விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நண்பன் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டின் மக்கள்தொகை 1951-இல் சுமார் 3 கோடி. 2011 கணக்கெடுப்பில் 7.2 கோடி. அறுபது வருடத்தில் இரண்டு மடங்குக்கும் மேல். அதே காலத்தில் இந்தியா 36 கோடியிலிருந்து 121 கோடி ஆனது. உலகம் 2022 நவம்பரில் 800 கோடியைத் தொட்டது. 2023-இல் நாம் சீனாவைத் தாண்டி முதலிடத்துக்கு வந்தோம். இந்த எண்களைப் பார்த்து ஒருவன் பயப்பட்டால் அவனைக் குறை சொல்ல முடியாது.

பயந்தவர்கள் நிறையப் பேர் இருந்திருக்கிறார்கள். 1798-இல் மால்தஸ் எழுதினார், ஜனம் பெருகும் வேகத்துக்கு உணவு பெருகாது என்று. 1968-இல் அமெரிக்காவில் பால் எர்லிக் என்ற உயிரியல் பேராசிரியர் மக்கள்தொகையை வெடிகுண்டு என்றே சொல்லி ஒரு புத்தகம் போட்டார். டெல்லியில் ஒரு ராத்திரி டாக்ஸியில் போனபோது தெருவில் பார்த்த கூட்டத்தில் இருந்துதான் அந்தப் புத்தகமே ஆரம்பிக்கிறது. 1970-களில் கோடிக்கணக்கானவர்கள் பட்டினியால் சாவார்கள் என்றார். அவர் சொன்ன அளவுக்கு அது நடக்கவில்லை. ஐ.ஆர்.8 நெல் வந்தது, சி.சுப்பிரமணியமும் எம்.எஸ்.சுவாமிநாதனும் வந்தார்கள், ரேஷன் கடை வந்தது.

"அப்போ பயப்பட ஒன்றுமில்லையா?" என்று கேட்டால், இருக்கிறது. ஆனால் வேறு இடத்தில் இருக்கிறது. அதற்கு முன் ஒரு கேள்வி: ஜனம் இன்னும் பெருகிக்கொண்டே போகிறதா?

எங்கள் வீட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். ஆயாவுக்கு ஏழு பிரசவம், தங்கியது நான்கு. அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள், நானும் தங்கையும். அக்கா முறையாகும் பெரியப்பா மகளுக்கு ஒரு பெண் குழந்தை. "இன்னொன்னு பெத்துக்கலாமே" என்று யாராவது சொன்னால், "ஸ்கூல் ஃபீஸ் நீங்க கட்டுறீங்களா?" என்று கேட்கிறார். ஏழு, இரண்டு, ஒன்று. மூன்று தலைமுறைதான்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. ஒரு பெண் சராசரியாக எத்தனை குழந்தை பெறுகிறாள் என்பதைத்தான் மொத்தக் கருவள விகிதம் என்கிறார்கள். அது 2.1 இருந்தால் ஜனத்தொகை நீண்ட கால அளவில் ஏறாமல் இறங்காமல் நிற்கும். தமிழ்நாடு அந்த 2.1-ஐ 1990-களின் நடுவிலேயே தொட்டுவிட்டது. 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் நமக்கு 1.4 தான். இந்தியா மொத்தத்துக்குமே 2.0. அதாவது வெடிகுண்டின் திரி எப்போதோ அணைந்துவிட்டது. நாம்தான் இன்னும் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறோம்.

எப்படி இது நடந்தது? நிறையப் பேர் "நாமிருவர் நமக்கிருவர்" விளம்பரத்தால் என்று நினைக்கிறார்கள். விளம்பரமும் உதவியது, மறுக்கவில்லை. 1951 கணக்கெடுப்பை நடத்திய ஆர்.ஏ.கோபாலசாமி பிறகு சென்னை மாநிலத் தலைமைச் செயலாளராக வந்தார். 1950-களின் பிற்பகுதியிலேயே கருத்தடை அறுவை சிகிச்சைக்குப் பணம் கொடுக்கும் திட்டம் இங்கே வந்துவிட்டது. அதற்கும் முன்னால் பெரியார் இதைப் பேசினார். நாட்டின் வறுமைக்காக என்று மட்டும் அவர் சொல்லவில்லை, பெண்ணின் விடுதலைக்காக என்றார். 1930-களில் வந்த "பெண் ஏன் அடிமையானாள்?" புத்தகத்தில் கர்ப்பத்தடைக்கென்றே ஒரு அத்தியாயம் இருக்கிறது. இன்றைக்குப் படித்தாலும் சிலருக்கு முகம் சிவக்கும்.

ஆனால் என் கணக்கில் பெரிய காரணம் வேறு. பக்கத்து ஊர் ஆரணியில் இருந்து சொல்கிறேன்.

ஆரணி என்றால் பட்டு. 2008-இல் புவிசார் குறியீடு கூட வாங்கிவிட்டார்கள். பட்டுத் தறி வைத்திருந்த வீடுகளில் அந்தக் காலத்தில் குழந்தை என்றால் ஒரு கை. தார் சுற்ற ஒரு கை, பாவு பிடிக்க ஒரு கை. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் வரும் கோர்வைச் சேலை என்றால் நெய்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ள ஒரு சின்னக் கை கட்டாயம் வேண்டும். ஏழெட்டு வயதில் தறியில் உட்கார்ந்தவர்கள் இன்றைக்கும் நம் ஊர்ப் பக்கம் தாத்தாக்களாக இருக்கிறார்கள். வயல் வீட்டிலும் இதே கதைதான், மாடு மேய்க்க ஒன்று, களை எடுக்க ஒன்று.

எங்கள் பாடத்தின் மொழியில் சொன்னால், அன்று குழந்தை ஐந்தொகையின் சொத்துப் பக்கத்தில் இருந்தது. பிறகு என்ன ஆயிற்று? பள்ளிக்கூடம் வந்தது. காமராஜர் 1956-இல் தொடங்கிய மதிய உணவை 1982-இல் எம்.ஜி.ஆர் சத்துணவாக விரித்தார். பிள்ளை தறியை விட்டுப் பள்ளிக்குப் போனது. கிராம செவிலியர் வீடு தேடி வந்தார். 1970-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் ஆயிரம் குழந்தை பிறந்தால் நூற்றுக்கு மேல் முதல் பிறந்தநாளுக்கு முன்பே இறந்தன. 2020-இல் அது 13. பெற்ற பிள்ளை தங்கும் என்ற நம்பிக்கை வந்தால் ஏழு எதற்கு? சொத்துப் பக்கத்தில் இருந்த பிள்ளை செலவுப் பக்கத்துக்கு வந்தது. ஃபீஸ், யூனிஃபார்ம், டியூஷன், காலேஜ். செலவு என்றதும் வீடுகளே கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிட்டன.

மிரட்டிச் செய்த இடங்களில் என்ன நடந்தது என்றும் பார்த்தாயிற்று. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 ஒரே வருடத்தில் நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் மேல் கருத்தடை அறுவை சிகிச்சைகள். பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த தேர்தலில் அந்த அரசே போயிற்று, ஆண்கள் அந்த ஆபரேஷன் பெயரைக் கேட்டாலே ஓடினார்கள். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கு மேல் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் நூற்றில் ஒருவர் கூட இல்லை. "தமிழ்நாடு சாதித்தது" என்று நாம் மார்தட்டுகிறோமே, அந்தச் சாதனை யார் வயிற்றில் தையலாக இருக்கிறது என்று வகுப்பில் இருக்கும் பையன்கள் ஒரு தடவை யோசிக்கலாம். என்னையும் சேர்த்துத்தான்.

சரி, ஜனம் பெருகுவது நிற்கப் போகிறது. ஐ.நா. 2024-இல் வெளியிட்ட கணிப்பு, உலக மக்கள்தொகை 2080-களின் நடுவில் சுமார் 1030 கோடியில் உச்சம் தொட்டுப் பிறகு மெல்ல இறங்கும் என்கிறது. இந்தியா 2060-களின் தொடக்கத்தில் சுமார் 170 கோடியில் உச்சம். அப்படியானால் ஆறு திரும்பி வந்துவிடுமா?

இங்கேதான் நண்பன் கணக்கு இடிக்கிறது.

தமிழ்நாட்டு மக்கள்தொகை 2001-க்கும் 2011-க்கும் நடுவில் ஏறியது ஏறக்குறைய 15.6 சதவீதம். அதே பத்து வருடத்தில் குடும்பங்களின் எண்ணிக்கை சுமார் 1.42 கோடியிலிருந்து 1.85 கோடி ஆனது. அது 30 சதவீதம்! ஜனத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் வீடுகள் பெருகியிருக்கின்றன. ஏன் என்று எங்கள் தெருவைப் பார்த்தாலே தெரியும். தாத்தா வீட்டில் ஒரு அடுப்பு, பன்னிரண்டு பேர். இன்று அந்த ஒரு வீடு நான்கு வீடு. நான்கு ஃபிரிட்ஜ், நான்கு மோட்டார், நான்கு போர், ஆறு பைக். ஆட்கள் கூடவில்லை, பொருட்கள் கூடிவிட்டன. நான்கு வீடு கட்டவும் மணல் வேண்டும். அது எந்த ஆற்றிலிருந்து வந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

எர்லிக்கும் ஹோல்ட்ரெனும் 1970-களில் ஒரு எளிய பெருக்கல் சொன்னார்கள். சுற்றுச்சூழல் மேல் விழும் சுமை என்பது மூன்றின் பெருக்குத்தொகை: எத்தனை பேர், ஒவ்வொருவரும் எவ்வளவு பயன்படுத்துகிறார், அதை எந்த முறையில் தயாரிக்கிறோம். நாம் முதல் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டோம். ஒரு உதாரணம். நிலக்கரி, பெட்ரோல் எரிப்பதால் வரும் கார்பன் புகை இந்தியாவில் ஆளுக்கு வருடம் சுமார் 2 டன். அமெரிக்காவில் 14 டன்னுக்கு மேல். அமெரிக்க ஜனத்தொகை நம்மில் நான்கில் ஒரு பங்குதான். ஆனால் மொத்தப் புகை நம்மைவிட ஒன்றரை மடங்கு. இப்போது சொல்லுங்கள், பூமியில் யார் "அதிகம்"?

அமெரிக்கா தூரத்தில் இருக்கிறது என்பவர்களுக்குப் பாலாறு. நம் செய்யாறு ஜவ்வாது மலையில் பிறந்து திருமுக்கூடலில் பாலாற்றில் சேருகிறது, அந்த உறவில் பாலாறு நமக்குப் பெரியம்மா. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளின் கழிவால் பாலாற்றுப் படுகையில் எத்தனையோ கிணறுகள் வீணாகின. அதற்கான வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. இந்தியச் சட்டப் படிப்பில் இன்றும் அது பாடம். கிட்டத்தட்ட முப்பது வருடம் கழித்து 2025 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மறுபடி ஒரு தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடிய ஒரு குரோமியம் ஆலை விட்டுச்சென்ற கழிவு மட்டும் லட்சம் டன்னுக்கு மேல்.

அந்தத் தோலில் செய்த ஷூவை யார் போட்டார்கள்? பெரும்பகுதி ஏற்றுமதி. ஐரோப்பாவில் பல நாடுகளில் ஜனத்தொகை ஏறுவதே நின்றுவிட்டது. அங்கே ஜனம் குறைந்ததால் பாலாறு பிழைக்கவில்லை. வாணியம்பாடியில் பிள்ளை பெறுவது குறைந்ததாலும் பிழைக்கவில்லை. கழிவைச் சுத்தம் செய்யும் செலவை விலையில் சேர்க்காமல் ஆற்றின் கணக்கில் எழுதியதால் வந்த வினை அது. எங்கள் காஸ்ட் அக்கவுண்டிங் சார் இப்படி ஒரு செலவை விட்டுவிட்டு விடை எழுதினால் முட்டை போடுவார்.

என் பார்வையில் முன்னால் மூன்று பாதைகள் இருக்கின்றன.

முதல் பாதை, இப்போது போய்க்கொண்டிருப்பது. பிள்ளைகள் குறைவார்கள், வீடும் காரும் ஏசியும் ஏறும். ஜனத்தொகை உச்சம் தொட்டு இறங்குவதற்குள் நிலத்தடி நீர் தீர்ந்திருக்கும். உலகத்திலேயே அதிகமாக நிலத்தடி நீர் எடுக்கும் நாடு நாம்தான். எங்கள் பக்கம் கிணற்றில் ஏற்றம் இறைத்த ஊர்களில் இன்று போர் போட்டு, அதுவும் காய்ந்து, பக்கத்திலேயே இன்னொரு போர் போடுகிறார்கள்.

இரண்டாவது பாதை, பயந்து பின்னால் திரும்புவது. இதுவும் ஆரம்பித்துவிட்டது. 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு அதிகக் குழந்தைகள் பெற வேண்டும் என்றார். அதே மாதம் அன்றைக்குத் தமிழ்நாட்டு முதல்வராக இருந்த ஸ்டாலின் ஒரு திருமண விழாவில், பதினாறும் பெற்று வாழ்க என்பதைக் குழந்தைகள் என்றே எடுத்துக்கொள்ளலாமா என்கிற மாதிரி பேசினார். பாதி நகைச்சுவைதான், ஆனால் பின்னால் நிஜமான வருத்தம் இருக்கிறது. மக்களவைத் தொகுதிகளின் பங்கை 1971 கணக்கெடுப்போடு நிறுத்தி வைத்தது 1976 அரசியல் சட்டத் திருத்தம். பிறகு அதை 2026 வரை நீட்டினார்கள். சொன்ன பேச்சைக் கேட்டுப் பிள்ளைகளைக் குறைத்த மாநிலத்துக்கு அதனாலேயே பங்கு குறைந்தால் அது அநியாயம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அநியாயத்தை நாடாளுமன்றத்தில் பேசித் தீர்க்க வேண்டும். பெண்களின் கர்ப்பப்பையை வைத்து அல்ல. தென்கொரியா பல வருடம் பணத்தைக் கொட்டியும் 2023-இல் அங்கே விகிதம் 0.72. பெறச் சொல்லியும் பெற வைக்க முடியாது, தடுக்கச் சொல்லியும் தடுக்க முடியாது. பெண் முடிவெடுக்கிறாள்.

இந்தப் பயத்தோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வருகிறது. "பீகார்க்காரன் பெத்துத் தள்றான், இங்க வந்து நிரம்புறான்." வகுப்பிலும் ஒருவன் சொன்னான். பீகாரின் விகிதம் 2020-இல் 3.0. அது 1980-களில் நாம் இருந்த இடம். நம் ஆயாவைத் திட்டுவோமா? 2036-இல் தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் 60 வயதைத் தாண்டியவராக இருப்பார் என்கிறது மத்திய அரசின் கணிப்பு. அன்றைக்கு நம்மைத் தூக்கி உட்கார வைக்க, நம் வீட்டைக் கட்ட, நடவு நட வரப்போவது யார் என்று நினைக்கிறீர்கள்? இப்போதே வந்துகொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது பாதை, ஆட்கள் குறையும் இந்த வாய்ப்பை உருப்படியாகப் பயன்படுத்துவது. சொல்லச் சுலபம், செய்யக் கஷ்டம். ஏன் கஷ்டம் என்பதற்கு நம் ஊரே சாட்சி.

செய்யாறு சிப்காட் விரிவாக்கத்துக்கு மேல்மா சுற்றுவட்டாரத்தில் 3,000 ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்க அறிவிப்பு வந்தது. 2023-இல் விவசாயிகள் நூறு நாளுக்கு மேல் போராடினார்கள். நவம்பரில் கைது நடந்தது, ஏழு பேர் மேல் குண்டர் சட்டம் பாய்ந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் ஆறு பேர் மேலிருந்ததைச் சில நாளில் திரும்பப் பெற்றார்கள். விளைநிலத்தைக் கொடுக்க மாட்டோம் என்றவர்களுக்குக் குண்டர் சட்டம்!

இதில் நான் ஒரு பக்கமாக நின்று சுலபமாகக் கத்திவிட முடியவில்லை. மேலே சொன்ன அக்கா இருக்கிறாரே, அவர் போவதும் கம்பெனி பஸ்ஸில்தான். விடியற்காலை நம் ஊர்க் கிராமங்களில் நின்று எடுத்துப் போகும் அந்தப் பேருந்துகளில் போகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். அந்தச் சம்பளம் வந்த பிறகுதான் அவர் வீட்டில் அவர் பேச்சு எடுபடுகிறது. "ஒன்று போதும்" என்று அவரால் சொல்ல முடிந்ததே அந்த வேலையால்தான். தொழிற்சாலையே வேண்டாம் என்று நான் எழுதினால் அக்கா சாப்பாடு போட மாட்டார்.

ஆனால் தரிசு எது, மூன்று போகம் விளையும் நஞ்சை எது என்று பார்க்காமல் கோடு போடுவது தொழில் வளர்ச்சி ஆகாது. முன்னமே எடுத்த நிலம் முழுக்கப் பயன்பாட்டில் இருக்கிறதா என்று ஊருக்குக் கணக்கு காட்டிவிட்டு அடுத்த ஏக்கரைக் கேளுங்கள். எவ்வளவு தண்ணீர் எடுப்பீர்கள், எவ்வளவு கழிவு விடுவீர்கள் என்று பலகையில் எழுதி வையுங்கள். பாலாற்றுக் கதை செய்யாற்றில் நடக்காது என்று கையெழுத்துப் போடுங்கள். ஜனம் குறையப் போகிற ஊரில் ஏரியும் நஞ்சையும் மிஞ்சினால், மிஞ்சியவர்கள் நன்றாக வாழலாம். ஏரியைத் தூர்த்துவிட்டு ஜனமும் குறைந்தால், வயதானவர்கள் மட்டும் குடத்தோடு லாரிக்குக் காத்திருக்கும் ஊராகிவிடும்.

எத்தனை பேர் இருப்போம் என்பது இனி பெரிய மர்மம் இல்லை. அடுத்த இருபது வருடத்தில் தாயாகப் போகிறவர்கள் அநேகமாக எல்லோரும் பிறந்துவிட்டார்கள், சிலர் என் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். எத்தனை பெறுவது என்பதை அவர்களிடம் விட்டுவிடுவோம். தண்ணீரையும் நிலத்தையும் என்ன செய்வது என்பதில்தான் நம் எல்லோருக்கும் ஓட்டு இருக்கிறது. அதில் பேசாமல் இருந்துவிட்டு "ஜனம் அதிகம்" என்று சொல்வது, கடன் வாங்கியவனை விட்டுவிட்டுத் தெருவில் போகிறவனிடம் வட்டி கேட்பது மாதிரி.

நண்பனுக்கு ஒரு வார்த்தை. பஸ்ஸில் இடம் இல்லாதது ஜனம் அதிகம் என்பதால் இல்லை, காலை எட்டு மணிக்கு ஒரே ஒரு பஸ் விடுவதால். அடுத்த பட்டிமன்றத்துக்கு நான் ரெடி. இந்த முறை கால்குலேட்டரோடு வருகிறேன்.